சீலியாக் நோய்: ‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு?

ஐந்து மாதங்களுக்கு முன்பு உங்களுக்குச் சீலியாக் நோய் (குளூட்டன் என்ற தானியப் புரதத்தால் குடல் சேதமாகும் நோய்) உறுதியானது. அன்றிலிருந்து கோதுமையைத் தொடவில்லை. ஆனாலும் இரத்தத்தில் பார்க்கும் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் அளவு 212இலிருந்து 88க்குத்தான் இறங்கியிருக்கிறது. அசதி போகவில்லை, பால் குடித்தால் வயிறு உப்புகிறது. ‘கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆறு வயது மகளுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. இவ்வளவையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். உணவியல் ஆலோசகராகச் சீலியாக் உள்ளவர்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில்தான் பலரும் இப்படிச் சோர்ந்துபோய் வருகிறார்கள். முதல் மாத வேகம் அடங்கியிருக்கும், உடம்பும் முழுசாகத் தேறியிருக்காது. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். 212 என்பது 88 ஆனது தோல்வி இல்லை, பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்கள் குளூட்டனை நிறுத்திய மறுநாளே மறைந்துவிடாது. தொடக்க அளவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு அது இயல்பு நிலைக்கு வர ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். ஒரு முறை வந்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முடிந்தால் அதே ஆய்வகத்தில் பார்த்து, இறங்கிக்கொண்டே போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருவியும் அளவுகோலும் மாறும், ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. இறங்கிவந்த எண் ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ, திரும்ப ஏறினாலோதான் குளூட்டன் எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று தேட வேண்டும்.

அந்த எண் இயல்பானாலும் குடல் முழுக்க ஆறிவிட்டது என்று உறுதி சொல்ல முடியாது. குழந்தைகளுக்குக் குடல் வேகமாக ஆறும். பெரியவர்களுக்கு இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

சரி, வீட்டில் சொல்லும் அந்தக் ‘கொஞ்சம்’. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். உங்களுக்கு இப்போது உதவப்போவது இந்த ஒரு விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதங்களுக்குப் பொதுப்பெயர். மற்ற புரதங்களை நம் வயிறும் குடலும் துண்டு துண்டாக வெட்டிவிடும். குளூட்டனை முழுதாக வெட்ட முடிவதில்லை, யாருக்குமே முடிவதில்லை. அதில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மிகுதி. நம் செரிமான நொதிகளுக்கு அந்தப் பிணைப்பு பிடிபடாது. அதனால் 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டுகூட அப்படியே சிறுகுடலுக்குள் வந்து சேர்கிறது. மற்றவர்களுக்கு அது ஒன்றும் செய்யாமல் கடந்துபோய்விடும். சீலியாக் உள்ளவர்களின் குடல் சுவரில், டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அந்தத் துண்டை லேசாக மாற்றுகிறது. எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு அமைப்பு உள்ளவர்களின் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த மாறிய துண்டைப் பகை என்று எடுத்துக்கொள்கின்றன. தாக்குதல் தொடங்குகிறது. அடிபடுவது குளூட்டன் இல்லை, உங்கள் சொந்தக் குடல் சுவர். அதில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. சத்தை உறிஞ்சும் பரப்பே அவைதான். உங்கள் இரத்தத்தில் அளக்கிற டிடிஜி, அந்த டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிராக உங்கள் உடம்பே தயாரித்த எதிர்ப்பொருள்.

இது ஒவ்வாமை இல்லை, செரிமானக் கோளாறும் இல்லை. ஒருமுறை பகை என்று படித்துவிட்ட நோய் எதிர்ப்பு மண்டலம் அதை மறப்பதில்லை. அதனால்தான் வாழ்நாள் முழுக்க என்கிறோம். அதனால்தான் சிறிய அளவும் கணக்கில் வருகிறது.

எவ்வளவு சிறியது? 2007இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நோய் கட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தினமும் சிறிதளவு குளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 50 மில்லிகிராம் போனவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பு என்று இன்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். இதைச் சமையலறைக் கணக்குக்குக் கொண்டுவருகிறேன். நூறு கிராம் கோதுமை மாவில் சுமார் 8 கிராம் குளூட்டன் இருக்கும். அப்படியானால் 10 மில்லிகிராம் என்பது ஒரு கிராம் மாவில் எட்டில் ஒரு பங்கு. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டி மாவை இருபது சிறு குவியலாகப் பிரித்தால், அதில் ஒரு குவியல். ரொட்டியில் சொன்னால், ஒரு துண்டு ரொட்டியில் இருநூறில் ஒரு பங்கு. வெண்ணெய்க் கிண்ணத்தில் யாரோ விட்ட கத்தியில் ஒட்டியிருக்குமே, அந்த அளவு.

வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தத் தேக்கரண்டிக் கணக்கைச் செய்தே காட்டுங்கள். ‘குளூட்டன் ஆகாது’ என்று நூறு முறை சொல்வதைவிட, மாவை மேசையில் இருபதாகப் பிரித்து ஒன்றைச் சுட்டிக் காட்டுவது அவர்கள் மனதில் பதியும். கொஞ்சம் பரவாயில்லை என்று சொல்பவர்கள் அன்பில்லாமல் சொல்வதில்லை. அவர்கள் மனதில் இருக்கும் ‘கொஞ்சம்’ வேறு அளவு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லக்கூடும்: ‘சாப்பிட்டாய், ஒன்றும் ஆகவில்லையே?’ இது ஆபத்தான சான்று. சீலியாக் உள்ள பலருக்குக் குளூட்டன் போனாலும் வயிற்றில் எந்த அறிகுறியும் வராது, உள்ளே குடல் மட்டும் தேயும். வருடக்கணக்கில் இரத்தசோகையோ எலும்புத் தேய்வோ மட்டுமாகவே வெளிப்பட்டவர்கள் உண்டு. வாய்ப்புண், பல் எனாமல் குறை, கருத்தரிப்பதில் சிக்கல், காரணம் தெரியாமல் ஏறிய கல்லீரல் நொதி என்று வந்து கடைசியில் சீலியாக் எனத் தெரிந்தவர்களும் உண்டு. கட்டுப்பாடில்லாமல் நெடுநாள் போனால் சிறுகுடலில் லிம்போமா என்ற புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அது அரிது. பயமுறுத்தச் சொல்லவில்லை. வயிறு சும்மா இருக்கிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உணவுதான் காரணம் என்று கண்டுபிடித்த கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும், எனக்கு அது மிகப் பிடித்தது. 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக எழுதிவைத்தார். குணமாவதென்றால் உணவால்தான் ஆகும் என்றும் சொன்னார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தேறினார்கள். காரணம் வாழைப்பழம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தட்டில் இருந்ததைப் பார்த்தார்களே தவிர, தட்டில் இல்லாமல் போன ரொட்டியைப் பார்க்கவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமையை ஏற்கெனவே சந்தேகித்துக்கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் போரால் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் அவர்கள் திரும்ப நோயில் விழுந்தார்கள். 1950இல் அவர் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார். இன்று நீங்கள் கடைப்பிடிக்கும் உணவுமுறையின் வேர் அங்கே இருக்கிறது.

இப்போது உங்கள் சமையலறைக்கு வருகிறேன். ‘கோதுமையைத் தொடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை அப்படி வைக்காமல், ‘கோதுமை என்னை எங்கே தொடுகிறது?’ என்று வையுங்கள். விடை வேறு மாதிரி வரும்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுகிறார்கள் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சல்லடையும் வடிகட்டியும்தான். அந்த நுண்துளைகளில் சிக்கிய மாவை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாக எடுக்க முடியாது. இவை இரண்டும் உங்களுக்குத் தனியாகவே இருக்கட்டும். கீறல் விழுந்த மரப்பலகை, மரக்கரண்டி, மாவு உருட்டும் கட்டை, டோஸ்டர் இவற்றுக்கும் அதே விதி. ஆனால் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இவற்றைச் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். வீட்டுப் பாத்திரம் முழுவதையும் இரட்டிப்பாக வாங்கச் சொல்கிறவர்களின் அறிவுரையை நான் ஏற்பதில்லை. அப்படித் தொடங்கியவர்கள் மூன்றே மாதத்தில் களைத்து எல்லாவற்றையும் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான நாலைந்து பொருளைத் தனியாக வைத்து, அதை விடாமல் பிடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

வெண்ணெய், ஜாம், தேன் போல ஒரே பாட்டிலில் பலர் கரண்டி விடும் பொருள்கள் அடுத்த இடம். உங்களுக்கென்று ஒன்று வாங்கிப் பெயர் எழுதி வையுங்கள். அலமாரியில் உங்கள் பொருள்கள் மேல் தட்டில் இருக்கட்டும். துகள் மேலிருந்து கீழேதான் விழும். ஒரே அடுப்பில் சமைக்கும்போது உங்கள் உணவை முதலில் செய்துவிடுங்கள். வீட்டில் யாராவது உலர்ந்த கோதுமை மாவைக் கொட்டிச் சலித்தால் அந்தத் தூசி காற்றில் நெடுநேரம் மிதக்கும். மூச்சோடு போய்த் தொண்டையில் படிந்து விழுங்கப்படும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டாம், மூடாத உங்கள் உணவும் அங்கே இருக்க வேண்டாம்.

சூட்டில் போய்விடாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். போகாது. குளூட்டன் கிருமி இல்லை, கொதிக்கவைத்துக் கொல்ல. கோதுமை மாவில் தோய்த்த பண்டம் பொரித்த எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்தால், அந்த உருளைக்கிழங்கும் உங்களுக்கு ஆகாது. உணவகங்களில் நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ‘இதில் கோதுமை இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ‘எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், குழம்பைக் கெட்டியாக்க என்ன மாவு போடுகிறீர்கள், எந்தக் கல்லில் சுடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் சொல்பவர் தயங்கினால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் பொட்டலத்தின் மேல் இருக்கும் எழுத்து. ‘கோதுமை இல்லாதது’ என்பதும் ‘குளூட்டன் இல்லாதது’ என்பதும் ஒன்றல்ல, முன்னதில் பார்லி இருக்கலாம். சில நாடுகளில் ஒவ்வாமை எச்சரிக்கையில் கோதுமையை மட்டும் சொன்னால் போதும், பார்லியைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் சேர்பொருள் பட்டியல் முழுவதையும் படியுங்கள். மால்ட் என்று எங்கே கண்டாலும் அது பெரும்பாலும் பார்லிதான். சத்துமாவுப் பானங்கள், காலை உணவுத் தானியங்கள், சில சாக்லேட்டுகள், பீர், மால்ட் வினிகர் எல்லாவற்றிலும் அது வரும். வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. சூப் கட்டிகள், பதப்படுத்திய இறைச்சி, தூளாக விற்கும் மசாலாக் கலவைகளில் மாவு சேர்த்திருக்கலாம். ரவை, மைதா, ஸ்பெல்ட், டியூரம், டிரிட்டிகேலே எல்லாம் கோதுமைக் குடும்பம்தான், பெயர்தான் வேறு. மாறாக, பக்வீட்டின் ஆங்கிலப் பெயரில் கோதுமை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கோதுமையே இல்லை. கோதுமையிலிருந்து எடுத்த குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் இரண்டிலும் புரதம் கிட்டத்தட்ட முழுதாக நீக்கப்பட்டிருக்கும், அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மருந்து மாத்திரைகளில் சேர்க்கும் ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்று மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட, பல நாடுகள் ஏற்றிருக்கும் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர விதிகள்) வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதாவது அந்த வரம்பின் விளிம்பில் இருக்கும் உணவை அரைக் கிலோ சாப்பிட்டால்தான் 10 மில்லிகிராம் சேரும். வரம்பு நியாயமானது, நம்பலாம்.

ஓட்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறீர்கள். சுத்தமான ஓட்ஸ் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் சாதாரண ஓட்ஸ் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. தவிர, ஒரு சிறு பகுதியினருக்கு ஓட்ஸின் அவெனின் புரதமே ஆகாது. உங்கள் டிடிஜி இறங்கி முடியும்வரை ஓட்ஸை ஒதுக்கி வையுங்கள். அதன்பின் குளூட்டன் இல்லாதது என்று சான்று பெற்ற ஓட்ஸைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மறுபடி இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.

பாலும் வயிற்று உப்புசமும். இதற்குக் காரணம் நேரடியானது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி இருப்பது குடலுறிஞ்சிகளின் நுனியில். நுனி தேய்ந்தால் நொதி குறையும், பால் செரிக்காது. குடல் ஆற ஆறப் பலருக்கு இது திரும்பி வந்துவிடும். இப்போதைக்குப் பாலைக் குறைத்துத் தயிர் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் குறைவு. பாலை அடியோடு விட்டுவிட்டுக் கால்சியத்துக்கு மாற்று வழி செய்யாமல் இருப்பதுதான் நான் பார்க்கும் தவறு.

அசதிக்கு முதலில் இரும்புச்சத்து பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் வேண்டும். இரும்பும் ஃபோலேட்டும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் மேல்பகுதியில், சீலியாக் அதிகம் அடிக்கும் இடமும் அதுதான். கூடவே பி12, வைட்டமின் டி, துத்தநாகம், தைராய்டு இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறும் சேர்ந்து வருவது சாதாரணம், அது மட்டுமே அசதிக்குப் போதிய காரணம். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் நிமோகாக்கல் தடுப்பூசியும் உங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த நோயில், கிருமிகளைத் தடுக்க உதவும் மண்ணீரல் சிலருக்குச் சரியாக வேலை செய்வதில்லை, அதற்காகத்தான் அந்தத் தடுப்பூசிப் பேச்சு வருகிறது.

கடைகளில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று விற்கும் ரொட்டியும் பிஸ்கட்டும் உங்கள் உணவின் அடிப்படையாக இருக்க வேண்டாம். அவற்றில் நார்ச்சத்து குறைவாகவும் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். குடல் ஆறி உறிஞ்சுதல் கூடும்போது இவற்றையே தின்றால் எடை மட்டும் ஏறும். அரிசி, மக்காச்சோளம், சோளம், கம்பு, தினை, கினோவா, பருப்புகள், கிழங்குகள், முட்டை, மீன், இறைச்சி, காய், பழம் எல்லாம் இயற்கையிலேயே குளூட்டன் இல்லாதவை. அரிசியை மட்டும் நம்பாமல் தானியங்களை மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மாவாக வாங்கும்போது கோதுமை அரைக்கும் அதே இயந்திரத்தில் அரைத்ததா என்று பாருங்கள், முடிந்தால் முழுத் தானியமாக வாங்கி வீட்டில் அரையுங்கள்.

என்றாவது தவறி உள்ளே போய்விட்டால்? தண்ணீர் நிறையக் குடியுங்கள், எளிதாகச் செரிப்பதைச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். ஒரு நாள் தவறால் குடல் அழிந்துவிடாது. குளூட்டனைச் செரிக்கவைக்கும் என்று விற்கும் நொதி மாத்திரைகளை நம்பி வேண்டுமென்றே சாப்பிடாதீர்கள். அவை உங்களைப் பாதுகாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. உணவுமுறைக்கு மாற்றாக இதுவரை அங்கீகாரம் பெற்ற மருந்தும் இல்லை. லாராசோடைட் என்ற மருந்து மூன்றாம் கட்டச் சோதனைவரை வந்து 2022இல் நிறுத்தப்பட்டது.

கடைசியாக மகள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் பத்துக்கு ஒருவர் அளவுக்கு இந்நோய் இருக்க வாய்ப்புண்டு. அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதிப்பது நல்லது. டிடிஜி ஐஜிஏவோடு மொத்த ஐஜிஏவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு உடம்பிலேயே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகை குறைவாக இருக்கும், அப்போது நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். டிடிஜி அளவு இயல்பின் பத்து மடங்குக்கு மேல் போய், இன்னொரு முறை எடுத்த இரத்தத்தில் எண்டோமைசியல் என்ற இன்னொரு வகை எதிர்ப்பொருளும் இருந்தால், 2020இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி குழந்தைகளுக்குப் பயாப்சி (குடல் திசுவை எடுத்துப் பார்ப்பது) இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். மரபணுப் பரிசோதனையில் டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லை என்றால் நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, அந்தக் கவலையை இறக்கி வைத்துவிடலாம். மரபணு இருந்து, இரத்த முடிவு இயல்பாக வந்தால், சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பரிசோதனைக்கு முன்பு மகளுக்குக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து முடிவு தவறாக வரும், பிறகு உண்மை தெரிய மறுபடி வாரக்கணக்கில் குளூட்டன் கொடுக்க வேண்டியிருக்கும். இரத்தம் எடுத்து, முடிவு வந்து, மருத்துவர் சொல்லும்வரை அவள் தட்டு வேறு, உங்கள் தட்டு வேறு என்றே இருக்கட்டும்.